நீளக் குழல்

பலூன் சுடும் கடைக்குத் துப்பாக்கி வாங்கும்போது யார் கைக்குப் பொருந்த வேண்டும்? சுடுகிறவர் கைக்கு என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். தப்பு. சுட வருகிறவன் நாலைந்து குண்டு சுட்டுவிட்டு பஜ்ஜி தின்னப் போய்விடுவான். ஒவ்வொரு குண்டுக்கும் துப்பாக்கியின் அடியில் இருக்கும் லீவரை இழுத்து, குண்டைப் போட்டு, அவனிடம் நீட்டுவது கடைக்காரர்தான். சாயங்காலம் முழுக்க இழுக்க வேண்டும்.

எண்ணூர் கடற்கரையில் எங்கள் கடைக்கு அந்தக் கை என் வீட்டுக்காரருடையது. போன வருஷம் வாதம் வந்து அவருடைய இடது பக்கம் விழுந்துவிட்டது. கால் தேறியது, கை பாதிதான் தேறியது. அதிலிருந்து நான்தான் லீவர் இழுக்கிறேன். அவர் பலூன் பையை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார்.

பழைய துப்பாக்கியின் ஸ்பிரிங் போனதும், யானைக்கவுனிப் பக்கம் ஒரு விளையாட்டுச் சாமான் கடைக்குக் கிளம்பினோம். "புதுசுல லீவர நானே இஸ்க்கறேன்மே," என்றார். மறுபடி கடையில் நிற்க வேண்டும், அது ஒன்றுதான் அவருக்கு ஆசை.

எனக்கோ அவரோடு வெளியே போகவே கூச்சம். என்னைவிடப் பன்னிரண்டு வயசு பெரியவர். முன்பெல்லாம் அது தெரியாது. வாதத்துக்குப் பிறகு தலை மொத்தமும் வெளுத்து, பேச்சும் கொஞ்சம் குழறியது. பஸ்ஸில் அவர் பக்கத்தில் இடம் இருந்தும் நான் லேடீஸ் சீட்டில் போய் உட்கார்ந்தேன்.

"நாலரை எம்.எம். குண்டா, அஞ்சரையா?" என்று கடைக்காரர் கேட்டார்.

"நாலரை போதும். அஞ்சரை பலகையப் பொத்துகினு பூடும். பின்னால ஜனம் குந்தினு கீது," என்றார் இவர். கடைக்காரர் தலையாட்டிவிட்டு, குட்டைக் குழல் துப்பாக்கி ஒன்றை எடுத்து வைத்தார். லேசானது, பிள்ளைகள் பிடிக்கத் தோது என்றார்.

குழல் குட்டையானால் லீவரும் குட்டை. இழுக்க பலம் வேண்டும். இவர் துப்பாக்கியின் பின்கட்டையைத் தொடையில் ஊன்றி, வலது கையால் இழுத்தார். இடது கை பிடிக்கவில்லை. துப்பாக்கி வழுக்கிக் கண்ணாடிப் பெட்டிமேல் ணங்கென்று மோதியது. கேரம் போர்டு பார்த்துக்கொண்டிருந்த இரண்டு இளவட்டங்கள் சிரித்தார்கள். "தாத்தா, சண்டைக்குப் போறியா?" என்றான் ஒருத்தன். இவரும் கூடச் சிரித்தார். எனக்குத்தான் உடம்பெல்லாம் கூசியது.

கடைக்காரர் நீளக் குழல் துப்பாக்கி ஒன்றை எடுத்து அவரிடம் கொடுத்துவிட்டு, என் பக்கம் குனிந்து கேட்டார்: "உங்க அப்பாவாம்மா?"

"ஆமாங்க."

நரம்பில்லாத நாக்கு. என் வாயில் தீயை வைக்க! சொன்ன அதே நொடியில் டக்கென்று ஒரு சத்தம். திரும்பினேன். அந்த நீளக் குழல் துப்பாக்கியை இடது அக்குளில் இடுக்கிக்கொண்டு, அதன் நீள லீவரைக் கடைசிவரைக்கும் இழுத்துவிட்டிருந்தார். என்னைப் பார்த்துச் சிரிக்கப் போனவர், பாதியில் நிறுத்திவிட்டார்.

கேட்டிருக்காது என்று நினைத்துக்கொண்டேன். கேட்டிருக்கக் கூடாது என்று வடிவுடையம்மனை வேண்டிக்கொண்டேன். "இதுதாம்மே. லீவரு நீளம், கைக்கு சொகமா கீது," என்று மட்டும் சொன்னார்.

திரும்பும்போது பஸ்ஸில் அவர் பக்கத்திலேயே ஒட்டி உட்கார்ந்தேன். ஜன்னல் சீட்டை எனக்கு விட்டுக்கொடுத்தார். அட்டைப் பெட்டி எங்கள் இரண்டு பேர் மடியிலுமாகக் கிடந்தது. சொல்லிவிட வேண்டும், மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று, இறங்குகிற விம்கோ நகர் வரைக்கும் வாயைத் திறந்து திறந்து மூடினேன்.

ஞாயிற்றுக்கிழமை கடற்கரையில் நல்ல கூட்டம். ஸ்டூலை ஓரமாகத் தள்ளிவிட்டு அவர் நின்றார். இழுத்தார், குண்டு போட்டார், நீட்டினார். ஒரு தடவைகூட என்னைக் கூப்பிடவில்லை. நான் பலூன் ஊதி ஆணியில் கட்டிக்கொண்டிருந்தேன், சந்தோஷமாகத்தான் இருந்தது.

குடும்பத்தோடு வந்திருந்த ஒரு அம்மா சுட்டு முடித்துத் துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்தாள். என் பக்கம் கை காட்டி, "யாருய்யா அது, உன் சம்சாரமா?" என்று கேட்டாள்.

அவர் லீவரை இழுத்துக்கொண்டே என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"இல்லம்மா, என் பொண்ணு," என்றார்.

முகத்தில் கோபமே இல்லை. பஸ்ஸில் எனக்கு ஜன்னல் சீட்டை விட்டுக்கொடுத்தபோது இருந்த அதே முகம்.