உப்பளத்துக்கு இந்தப் பக்கம்

போன சனிக்கிழமை மத்தியானம் தேத்தண்ணியோடு மகளின் அறைக்குப் போனேன். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கணினிக்கு முன்னால் குனிந்திருந்தவள், "ஒருத்தரும் கதைக்காதேங்கோ, பக்கத்தில வந்திட்டாங்கள்" என்று கிசுகிசுத்தாள். நான் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அறைக்கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். அவள் திரும்பி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "விளையாட்டு அம்மா, விளையாட்டு" என்று இரண்டு தரம் சொன்னாள்.

கதை சொல்லியே விளையாடும் விளையாட்டாம். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் அதற்குள் வீரர்களாகவும் மந்திரவாதிகளாகவும் போவார்கள். வெற்றி தோல்வியைத் தாயக்கட்டை சொல்லும். கூட விளையாடுகிறவர்களில் ஒருத்தி மெல்பேர்னில் இருக்கிறாள், ஒருவன் கண்டியில். திரையில் சேணம் கட்டிய முயல் ஒன்று நின்றது, மாட்டளவு உயரம். "இதிலதான் ஏறிப் போறம். அம்மாவுக்கு விளங்காது" என்றாள். நான் அவளுடைய கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு விளங்காதவை நிறைய உண்டு. சலவை இயந்திரத்தையே இன்னும் பயந்து பயந்துதான் தொடுகிறேன். ஆனால் முயலில் ஏறிப் போகத் தெரியும். நீங்கள் சிரிக்கலாம்.

திருகோணமலையில் உள்துறைமுகத்துக்குப் பக்கத்து ஒழுங்கையில் எங்கள் வீடு. எங்களுக்கும் ரெஜினா அன்ரி வீட்டுக்கும் நடுவில் கிடுகு வேலி. ஆள் குனிந்து போய்வர அதில் ஒரு பொட்டு, சின்னத் திறப்பு, இருந்தது. அன்ரியின் ஒரே மகன் ஜெரோம் அண்ணா. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்குக் காத்திருந்தார். காத்திருப்பதைத் தவிர அந்த வயதுப் பெடியன்களுக்கு ஊரில் வேறு வேலை இல்லை. வெளியே போனால் ஆமிக்காரர் பிடிப்பார்கள். வீட்டில் இருந்தால், ஏன் வீட்டில் இருக்கிறாய் என்று கேட்பார்கள். கப்பலில் வேலைசெய்த அவருடைய மாமா ஏதோ ஒரு துறைமுகத்தில் வாங்கிவந்த புத்தகம் ஒன்று அட்டை போய்க் கிடந்தது. இந்த விளையாட்டு அதில்தான் இருந்தது. ஊரடங்கு நாட்களில் எனக்கும் தம்பிக்கும் சொல்லித்தந்தார். எனக்குப் பதினொரு வயது, அவனுக்கு எட்டு.

புத்தகத்தில் இருந்தது குதிரை. நாங்கள் குதிரையைக் கண்டதே இல்லை. நான் மான் கேட்டேன். எங்கள் ஊரில் மான்கள் ஆடுமாடு மாதிரித் தெருவில் நிற்கும். "அதுகள் கோட்டைக்குள்ள போய்ப் படுக்கிற சாமான். ஏறினால் உன்னையும் உள்ள கொண்டுபோயிடும்" என்றார். கோட்டைக்குள் ஆமி முகாம் இருந்தது. தம்பி, தம்பலகாமத்தில் பெரியப்பாவின் வயலை மிதித்த யானையைக் கேட்டான். "யானை சென்றியில குனியாதடா." தெருவில் சென்றிக் காவலரணைத் தாண்டும்போது நாங்கள் எல்லோரும் தலை குனிந்துதான் போவோம். கடைசியில், அன்ரியின் குசினிக்குப் பின்னால் கூட்டில் நின்ற முயல்களைப் பார்த்து முடிவாயிற்று. குதிரை கனைக்கும், யானை பிளிறும். முயலுக்குச் சத்தமே இல்லை. அந்தக் காலத்துக்கு அதைவிடப் பொருத்தமான வாகனம் எது?

தம்பியின் முயலுக்குக் கறுவா என்று பெயர். என்னுடையது பஞ்சு. பஸ் அளவு முயல் வேண்டும் என்றான் தம்பி. பஸ் என்றால் மறித்துச் சோதிப்பார்கள் என்று ஜெரோம் அண்ணா மாட்டளவாகக் குறைத்தார். எல்லாமே இப்படித்தான். புத்தகத்திலிருந்த பூதங்களை விட்டுவிட்டு எங்களுக்குத் தெரிந்த பயங்களை விதிகளாக்கிக்கொண்டோம். முயலின் காது மடிந்தால் ஆபத்து. மேலே இருப்பவர்கள் வாயை மூட வேண்டும். பிறகு ஹெலி இரையும்போது அம்மாவே, "காது மடிஞ்சிட்டுது பிள்ளையள்" என்று எங்களை மேசைக்குக் கீழே அனுப்பத் தொடங்கினார்.

புத்தகத்தோடு வந்த பல முகத் தாயக்கட்டையை அம்மா வீட்டுக்குள் விடவில்லை. சோதனைக்கு வருகிறவர்கள் அது என்னவென்று கேட்டால் அரைகுறைச் சிங்களத்தில் யார் விளங்கப்படுத்துவது? அதனால் சல்லிக் கடற்கரையில் பொறுக்கிய சோகிச் சிப்பிகளைக் குலுக்கிப் போட்டோம். தம்பி வரைந்த வரைபடம் ஒன்றும் இருந்தது. மலை, காடு, கோபுரம், முயல் பாயும் பாதை புள்ளி புள்ளியாக. கண்ட அன்றே அம்மா அதை அடுப்பில் வைத்துவிட்டார். துறைமுகத்துக்குப் பக்கத்து வீட்டில் வரைபடம் என்றால், அது எந்த நாட்டுக்கானது என்று யாரும் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள். தம்பி விம்மி விம்மி அழுதான். "அழாத. எல்லாம் இஞ்ச கிடக்கு" என்று ஜெரோம் அண்ணா தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினார். அதன்பிறகு நாங்கள் எதையும் எழுதவில்லை.

அவருடைய குரலில் எனக்கு இன்னும் தெளிவாகக் கேட்பது ஒரு கேள்விதான். "முன்னால ஆறு. பின்னால அவங்கள். இப்ப நீங்கள் என்ன செய்யிறியள்?" அந்த நாட்களில் பிள்ளைகளிடம் யாரும் அப்படிக் கேட்பதில்லை. படு, எழும்பு, ஓடு, வாயை மூடு. பெரியவர்களுக்கும் அவ்வளவுதான். அந்தக் கேள்வி காதில் விழுவதற்காகவே இன்னொரு நாள் ஊரடங்கு நீடிக்காதா என்று நான் ஆசைப்பட்டிருக்கிறேன்.

சிரட்டைக்கரி மணம் எனக்கு ஆகாது. கோழி வாட்டுகிற கடையைத் தாண்டும்போதுகூட மூக்கைப் பொத்திக்கொள்வேன். கடற்கரைப் பக்கம் குண்டு வெடித்த மறுநாள், விடியக் காலையில் ஒழுங்கை முழுக்க அந்த மணம். ஆண்கள் எல்லோரும் அடையாள அட்டையோடு பள்ளிக்கூட மைதானத்துக்கு வரும்படி ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போனார்கள். மின்சாரம் இல்லை, வீட்டுக்கு வீடு ஸ்திரிக்கைப் பெட்டியில் சிரட்டைக்கரி போட்டுச் சேர்ட் தேய்த்தார்கள். எங்கள் ஒழுங்கைத் தாய்மாருக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. மடிப்புக் கலையாத சேர்ட்டோடு முதல் ஆளாகப் போய் நிற்கிற பிள்ளையில் சந்தேகம் வராது. பின்னுக்கு ஒதுங்குகிறவனைத்தான் பிடிப்பார்கள். யார் தொடக்கிய கதையோ தெரியாது.

"முன்னுக்குப் போய் நில்லு மகன். வெள்ளெனப் போனால் வெள்ளென வரலாம்" என்று ரெஜினா அன்ரி வேலிக்கு அந்தப் பக்கம் சொன்னது எங்களுக்குக் கேட்டது. ஜெரோம் அண்ணா பொட்டால் தலையை நீட்டினார். முதல் நாள் விளையாட்டைப் பாதியில் விட்டிருந்தோம்.

"உப்பளத்துக்கு இந்தப் பக்கம், பனையில முயல்களைக் கட்டியிருக்கிறன். ஒருத்தரும் அவிழ்க்கக் கூடாது. பின்னேரம் வந்து அங்கால கூட்டிக்கொண்டு போறன்."

"அங்கால என்ன இருக்கு?" என்றான் தம்பி.

"வந்து சொல்லுறன்."

மைதானத்தில் நடந்ததை அப்பா வந்துதான் சொன்னார். முகத்தை மூடிய தலையாட்டி ஒருவனை ஜீப்பில் இருத்தி, ஒவ்வொருவராக அவன் முன்னால் நடக்க விட்டார்களாம். தலை ஆடாவிட்டால் வீடு. ஆடினால் லொறி. அப்பா கசங்கிய சாரம் கட்டிக்கொண்டு கடைசி வரிசையில் நின்றவர். "அவனும் ஆரையாவது காட்டத்தானே வேணும். முதல் வந்த பிள்ளையளிலயே காட்டி முடிச்சிட்டான்" என்று அம்மாவிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். அன்ரி மத்தியானம் கொண்டுபோன சோற்றுப் பார்சலைக் கட்டியபடியே திருப்பிக் கொண்டுவந்தார். இன்றைக்கும் நான் என் பிள்ளையை எந்த வரிசையிலும் முன்னால் நிற்க விடுவதில்லை. என்னோடு வெளிக்கிட்டால் கடை பூட்டிய பிறகுதான் போய்ச் சேரலாம் என்பாள்.

அன்ரி ஏறாத முகாம் இல்லை. அப்படி ஒருவரைக் கொண்டுவரவே இல்லை என்றார்கள். பிறகு ஒரு பின்னேரம் வேலிப் பொட்டால் எங்கள் வீட்டுக்கு வந்தார். மீசை முளைத்த பெடியன் சின்னதுகளோடு முயலில் திரிகிறான் என்று முன்பெல்லாம் நக்கலடிப்பவர், அன்று ஜெரோம் அண்ணா இருக்கும் கதிரையில் வந்து இருந்தார்.

"கடைசியா உங்களோடதானே கதைச்சவன். எங்க விட்டிட்டுப் போனவன்?"

தம்பி உப்பளத்தையும் பனையையும் சொன்னான்.

"பேந்து?"

"தெரியாது அன்ரி. அண்ணாதான் சொல்லவேணும்."

அன்ரி, "அதுகளுக்குத் தீன் வைச்சனீங்களோ?" என்று கேட்டார்.

"ஓம், வைச்சனாங்கள்" என்றான் தம்பி. குசினியில் அம்மா தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதார்.

அதன்பிறகு பின்னேரங்களில் வந்து அதையே கேட்பார். தம்பி அதையே சொல்வான். ஒருநாள் எனக்குத் தாங்கவில்லை. "அன்ரி, உப்பளத்துக்கு அங்கால ஒரு..." என்று தொடங்கினேன்.

"நீ சொல்லாத பிள்ளை" என்றார். "அவன் வந்து சொல்லட்டும்."

அடுத்த வருடம் நாங்கள் கொழும்புக்கு வந்துவிட்டோம். அன்ரி அந்த வீட்டிலேயே இருந்து, அங்கேயே செத்துப்போனார். போன வருடம் போய்ப் பார்த்தேன். இரண்டு வளவையும் சேர்த்து விடுதி கட்டியிருக்கிறார்கள். திமிங்கிலம் பார்க்க வருகிறவர்கள் தங்குகிறார்கள். வேலி எந்த இடத்தில் ஓடியது என்று என்னால் சொல்ல ஏலாமல் போயிற்று.

கதை நடத்துகிறவர் ஒருநாள் வராமல் விட்டால் என்ன செய்வீர்கள் என்று மகளிடம் கேட்டேன். எல்லாம் பதிவில் இருக்கிறது, வேறு யாராவது தொடரலாம் என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மறுநாள் லண்டனில் இருக்கும் தம்பிக்குப் போன் எடுத்தேன். உப்பளத்துக்கு அங்கால என்ன என்று கேட்டேன். யோசிக்காமலே, "பட்டினம். பெரிய வெள்ளை மதில்" என்றான். இல்லை, கடல் என்றேன். ஜெரோம் அண்ணா தன்னிடம் சொன்னவர் என்றான். என்னிடமும்தான் சொன்னவர் என்றேன் நான். இந்த வயதில், பிள்ளை குட்டிக்காரர்கள் இருவர், குரலை உயர்த்திச் சண்டை பிடித்தோம். பிறகு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேச்சை நிறுத்தினோம்.

ஜெரோம் அண்ணா இருவரிடமும் எதுவும் சொல்லியிருக்கவில்லை.