மாமா வெட்டிய மரை

காப்பார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில், வெள்ளைக்காரத் துரைக்கு அப்பா கார் டிரைவராக இருந்தார். அந்தக் கார் துரையைவிடக் கிழடு. ஒரு வியாழக்கிழமை, கிள்ளான் போகும் வழியில் எஞ்சினிலிருந்த பிளக் பிய்த்துக்கொண்டு பறந்துவிட்டது. துளையின் மரை முழுக்கத் தேய்ந்துபோயிருந்தது. திரும்ப முடுக்கினால் பிடிக்காமல் சும்மா சுற்றியது. திங்கட்கிழமை கார் ஓடாவிட்டால் வேறு டிரைவர் பார்த்துக்கொள்வதாகத் துரை சொல்லிவிட்டார்.

அம்மாவின் தம்பி பிரிக்பீல்ட்ஸில் ஒரு பெரிய பட்டறையில் ஃபிட்டர். அப்பா சொல்லியனுப்ப, ஞாயிற்றுக்கிழமை காலை வந்து சேர்ந்தார். அவருடைய சாப்பாட்டுத் தூக்கில் சோறு இல்லை. மரை வெட்டும் கருவியும், உள்ளேயும் வெளியேயும் மரை போட்ட சின்னப் பித்தளைக் குழலும் இருந்தன.

பழைய துளையைப் பெரிதாக்கி, கருவியில் கிரீஸ் தடவி, கொஞ்சம் முன்னால் திருப்பிக் கொஞ்சம் பின்னால் திருப்பிப் புது மரை வெட்டினார். பிறகு பித்தளைக் குழலை அதில் முடுக்கி, அதற்குள் பிளக்கைப் போட்டார். எஞ்சின் ஒரே இழுப்பில் கிளம்பியது. எட்டு வயதுக்காரியான எனக்கு, உலகத்திலேயே கெட்டிக்காரர் என் மாமாதான்.

மறுநாள் அப்பாவோடு நானும் பங்களாவுக்குப் போனேன். துரை எஞ்சினைக் குனிந்து பார்த்தார். "நல்ல வேலை. யார் செஞ்சது?"

"நான்தான் துரை," என்றார் அப்பா.

எனக்குப் பொறுக்கவில்லை. "இல்ல துரை, எங்க மாமா. பட்டறையிலேருந்து சாமான் கொண்டாந்து செஞ்சாரு."

துரை எந்தப் பட்டறை என்று கேட்டார். அதையும் சொன்னேன். ஒரு பிஸ்கட் கொடுத்தார். அப்பா என்னைத் திட்டவில்லை. அன்று முழுக்க என்னோடு பேசவும் இல்லை. மாமாவின் பெருமையைத் தனதாக்கப் பார்த்து மாட்டிக்கொண்ட வெட்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த மாதமே மாமாவுக்கு வேலை போயிற்று. 'பட்டறைச் சாமானைத் திருடியவர்' என்று பட்டறைக்காரர்கள் மற்றப் பட்டறைகளுக்கு எழுதி அனுப்பியதால் அவரை வேறு எங்கும் வேலைக்கு எடுக்கவில்லை. கடல் தாண்டிச் சொந்த ஊருக்கே கப்பலேறினார். துறைமுகத்தில் அம்மா அழுதுகொண்டே இருந்தாள். மாமாவைச் சிரிக்கவைக்க நான் ஒன்று வைத்திருந்தேன்.

"மாமா, அந்தக் கார நீங்கதான் செஞ்சீங்கன்னு துரைகிட்ட நானே சொல்லிட்டேன்."

மாமா என்னையே பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார். அப்பா கடல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அப்படியாம்மா," என்று என் தலையைத் தடவிவிட்டு மாமா பெட்டியைத் தூக்கினார்.

ஒரு நன்றிகூடச் சொல்லாமல் போகிறாரே என்று, வீடு வந்து சேரும்வரை எனக்கு அவர்மீது கோபம்.