மாமா காட்டிய எண்ணெய்க் கசிவு

சிங்கப்பூரில் நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் வண்டி யாருக்குத் தேவை என்று கேட்டால், நேர்மையான பதில் ஒருவருக்கும் தேவையில்லை என்பதுதான். எங்கள் ஊரில் சேறுகூட அனுமதி வாங்கிக்கொண்டுதான் இருக்கும் போலிருக்கிறது. நாங்கள் இருந்த தெம்பனிஸில் தேடினாலும் சாலையில் ஒரு குழி கிடைக்காது. ஆனாலும் அப்பா அப்படி ஒரு வண்டிதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். எனக்கு அப்போது பத்து வயது.

அப்பா ஒரு குளிர்பான நிறுவனத்தில் லாரி ஓட்டினார். இருபது வருடம் அடுத்தவர் வண்டியை ஓட்டியவருக்கு, தன் வண்டி என்று ஒன்றை ஓட்டிப் பார்க்க ஆசை. எப்போதோ கூட வேலை செய்த மலாய் நண்பர்களுடன் ஜொகூர் காட்டுக்குள் போய், ஓர் ஆற்றங்கரையில் கூடாரம் போட்டுத் தங்கிவிட்டு வந்திருந்தார். அந்த ஆற்றை எங்களுக்கும் காட்ட வேண்டும் என்பார். அங்கே போகிற மண் பாதையைச் சாதாரணக் கார் தாங்காதாம். பின்னால் ஸ்பேர் டயர் தொங்குகிற பழைய வண்டி ஒன்று போதும், ராத்திரி அதிலேயே தூங்கிக்கொள்ளலாம் என்றார். தூங்கலாம் என்றதும் நான் அப்பா கட்சிக்குப் போய்விட்டேன். வகுப்பில் பாதிப் பேரிடம் வண்டி வாங்கியாகிவிட்டது என்றே சொல்லி வைத்திருந்தேன்.

அந்த வருடம்தான் அப்பாவுக்கு வயிற்றில் அறுவை சிகிச்சை நடந்தது. அப்பாவின் ஆங்கிலம் கடைகளில் சரக்கு இறக்கப் போதுமானது. மருத்துவர் பேசுகிற ஆங்கிலம் அவருக்குப் பிடிபடாது. ஓர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்த அம்மாதான் கேட்டுத் தமிழில் சொல்வாள். வயிற்றில் புண் இருந்தது, எடுத்துவிட்டார்கள், ஆறக் கொஞ்ச நாளாகும் என்று சொன்னாள். அது புண் இல்லை. எடுக்கவும் இல்லை, திறந்து பார்த்துவிட்டு மூடிவிட்டார்கள். ஒரு வருடம் இருந்தால் அதிகம் என்று மருத்துவர் அம்மாவிடம் சொல்லியிருந்தார். இது அம்மாவுக்கும் அவளுடைய தம்பியான என் மாமாவுக்கும் மட்டும் தெரியும். தெரிந்தால் அப்பா அன்றைக்கே மனசு விட்டுவிடுவார் என்று அம்மா பயந்தாள். இதெல்லாம் எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரிய வந்தது. மருத்துவ விடுப்பில் வீட்டில் இருக்கிற அப்பா நாள் முழுக்கக் கைபேசியில் பழைய வண்டி விளம்பரங்களாகப் பார்க்கிறார் என்பதுதான் அன்று எனக்குத் தெரிந்தது.

அம்மா வேண்டாம் என்று சொல்லவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பார். கையிலிருக்கும் சேமிப்பு மருந்துக்கு வேண்டும், அவருக்குப் பிறகு எங்கள் இருவருக்கும் வேண்டும் என்பதை அவள் எந்த வாயால் சொல்வாள்? அதனால் மாமாவைக் கூப்பிட்டாள். மாமா ஒரு பட்டறையில் மெக்கானிக். பழைய வண்டி வாங்குகிறவர்கள் பலர் அவரைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டிய பிறகுதான் முன்பணம் கொடுப்பார்கள். அத்தான் காட்டுகிற வண்டியில் எல்லாம் ஏதாவது குறை சொல்லி வாங்க விடாமல் செய்துவிடு என்று தம்பியிடம் கேட்டுக்கொண்டாள்.

ஆள் தேர்வில்தான் அம்மா தவறிவிட்டாள். மாமாவுக்கு வண்டி விஷயத்தில் பொய் சொல்ல வராது. வயசு, சம்பளம், சாப்பிட்டாயா என்ற கேள்வி, இவற்றுக்கெல்லாம் சரளமாகப் பொய் சொல்வார். வண்டி என்று வந்துவிட்டால் நாக்கு புரளாது. பழைய முதலாளி விற்க வைத்திருந்த காரில் அடிபட்டு ஒட்டுப்போட்ட இடத்தை, வாங்க வந்தவரிடமே காட்டிக்கொடுத்துவிட்டு வேலையை இழந்தவர் அவர். அப்பா இந்தக் கதையைப் போகிற இடமெல்லாம் பெருமையாகச் சொல்வார்.

முதலில் பார்த்த வண்டிக்கு மாமா தேவைப்படவில்லை. நம்பர் பிளேட்டைக் கூட்டினால் எட்டு வருகிறது, எட்டு நமக்கு ஆகாது என்று அம்மாவே தடுத்துவிட்டாள். எங்கள் வீட்டில் அதுவரை யாரும் எந்த எண்ணையும் கூட்டிப் பார்த்ததில்லை. இரண்டாவது வண்டிக்கு நிஜமாகவே அடிச்சட்டம் அரித்துப் போயிருந்தது. மாமா சின்னச் சுத்தியலால் தட்டத் தட்டத் துரு பொலபொலவென்று கொட்டியது. துருவைப் பார்த்து அப்படி மகிழ்ந்த ஒருவரை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை.

மூன்றாவது வண்டி புக்கிட் பாஞ்சாங்கில், கார்கள் நிறுத்தும் ஒரு பலமாடி கார்பேட்டையில் நின்றது. கரும்பச்சை நிறம். விற்பவர் ஓய்வுபெற்ற ஒரு சீனப் பெரியவர். ஞாயிற்றுக்கிழமை காலை அப்பாவும் மாமாவும் நானும் போனோம். அம்மா தலைவலி என்று வரவில்லை. எங்கள் ஊரில் ஒரு வண்டி எத்தனை நாள் ஓடலாம் என்பது காகிதத்தில் எழுதியிருக்கும். காகிதம் முடிந்து மறுபடி பணம் கட்டாவிட்டால், நன்றாக ஓடுகிற வண்டியும் இரும்புக்கடைக்குத்தான் போக வேண்டும். இந்த வண்டிக்கு இன்னும் ஒன்றரை வருடம் இருந்தது. ஒன்றரை வருடம் தாராளம் என்றார் அப்பா. மாமா வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

அன்று மாமா வண்டியைப் பார்த்த விதத்தை என்னால் மறக்க முடியாது. முதலில் முன்மூடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். நாங்கள் வருவதற்குமுன் இஞ்சினைச் சூடாக்கி வைத்திருந்தால் அதிலேயே தெரிந்துவிடுமாம். கையில் சில்லென்றுதான் இருந்தது. சாவியின் ஒரே திருகலில் இஞ்சின் பிடித்துக்கொண்டது. பின்னால் போய்ப் புகையைப் பார்த்தார், எண்ணெய்க் கம்பியை உருவித் துணியில் துடைத்துப் பார்த்தார், வண்டிக்குள் மிதியடிகளைத் தூக்கித் தரையில் ஈரமோ துருவோ இருக்கிறதா என்று தடவினார். நான்கு சக்கர விசைக்கான சின்னக் கம்பியைப் போட்டு வண்டியை ஊர விட்டுக் காதை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக் கேட்டார். ஒவ்வொன்றும் சரியாக இருக்க இருக்க அவர் முகம் விழுந்துகொண்டே போனது. அப்பாவோ கல்யாண வீட்டுக்காரர் மாதிரி குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார். நான் பின்னால் பக்கவாட்டில் மடக்கி வைத்திருந்த இருக்கையை விரித்து உட்கார்ந்து, இது என் இடம் என்று முடிவு செய்துவிட்டேன்.

அப்பா பெரியவரிடம் விலை பேசப் போனார். நான் இறங்கி, பக்கத்துக் காருக்கு அடியில் படுத்திருந்த பூனையைப் பார்க்கக் குனிந்தேன். அங்கிருந்து பச்சை வண்டியின் அடிப்பாகம் முழுக்கத் தெரிந்தது. மாமா அட்டையை விரித்து மல்லாந்து படுத்திருந்தார். சட்டைப் பையிலிருந்து கண் மருந்துப் புட்டி அளவில் ஒன்றை எடுத்தார். நான்கு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் இரும்புப் பெட்டியின் விளிம்பில் அதிலிருந்து எண்ணெயைச் சொட்டவிட்டு விரலால் இழுத்துத் தேய்த்தார். புட்டியைப் பையில் போட்டுக்கொண்டு, கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தார். பிறகு அப்பாவைக் கூப்பிட்டார்.

“அத்தான், இங்க வந்து பாருங்க. ஆயில் லீக் ஆகுது. இந்தப் பெட்டி போச்சுன்னா ரிப்பேருக்கே கட்டாது. இது வேணாம்.”

அப்பா முகம் சுருங்கிவிட்டது. என் இருக்கை என் கண் முன்னால் போய்க்கொண்டிருந்தது. பள்ளியில் உண்மை பேசினால் பாராட்டுவார்கள். அந்தத் தைரியத்தில் எழுந்து நின்று சொன்னேன்.

“லீக் இல்லப்பா. மாமாதான் சின்ன பாட்டில்லேருந்து ஊத்துனாங்க. நான் பாத்தேன்.”

வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்த மாமா எழுந்திருக்காமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். முகத்தில் ஈயாடவில்லை. தமிழ் தெரியாத பெரியவர் எங்களை மாறி மாறிப் பார்த்தார். அப்பா ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மண்டியிட்டு, மறுகையை உள்ளே விட்டார். விரலில் வந்ததை வெளிச்சத்தில் பார்த்தார், முகர்ந்தார். புத்தம் புது எண்ணெய். வருடக்கணக்காக அந்தப் பெட்டிக்குள் சுழன்ற எண்ணெய் கறுத்துப்போயிருக்கும் என்பது இருபது வருடம் லாரி ஓட்டியவருக்குத் தெரியாதா? அவர் நிமிர்ந்து மாமாவைப் பார்த்தார். மாமா கண்ணை எடுத்துக்கொண்டார். அப்பா விடவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தார். வேலையே போனாலும் வண்டி விஷயத்தில் பொய் சொல்லாத ஆள் தன்னிடம் ஏன் பொய் சொல்கிறான் என்று அவர் மனம் ஓடியிருக்க வேண்டும். யார் சொல்லிச் செய்திருப்பான், எதை மறைக்கிறார்கள், திடீரென்று எட்டு ஏன் ஆகாமல் போனது, இந்தப் புண் ஏன் ஆறவில்லை. இவ்வளவுக்கும் ஒரே பதில்தான் இருந்தது.

விரலைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு அப்பா என் பக்கம் திரும்பினார்.

“மாமாவப் பத்தி அப்படியெல்லாம் சொல்லக் கூடாது. வண்டின்னு வந்தா அவர் பொய் சொல்ல மாட்டாரு.” பிறகு மாமாவிடம், “நீ சொன்னாச் சரியாத்தான் இருக்கும், மச்சான். விட்டுடுவோம்லா” என்றார். மாமாவின் தோளைப் பிடித்துத்தான் அவரால் எழ முடிந்தது.

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ஊருக்கு நடுவில் என்னைப் பொய்க்காரியாக்கிவிட்டார் என்று இருந்தது. அப்பா பெரியவரிடம் போய், ஒரே ஒரு தடவை ஓட்டிப் பார்க்கலாமா என்று கேட்டார். வாங்கப்போவதில்லை என்று தெரிந்தும் அந்த மனிதர் சாவியைக் கொடுத்தார். என்னை முன் இருக்கையில் ஏற்றிக்கொண்டு, மாமாவைக் கீழேயே விட்டுவிட்டு, ஒவ்வொரு தளமாகச் சுற்றிச் சுற்றி ஏறிக் கூரைத் தளத்துக்குப் போய் நிறுத்தினார். வெயிலில் வேறு வண்டி எதுவும் இல்லை. கீழே தூண்கள் மேல் எல்ஆர்டி ரயில் போய்க்கொண்டிருந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு விசும்பிக்கொண்டிருந்தேன்.

“நீ பாத்தது உண்மைதான். அப்பாவுக்குத் தெரியும்” என்றார். “ஆனா அப்பாவுக்குத் தெரியும்னு மாமாவுக்குத் தெரியக் கூடாது. அம்மாவுக்கும் தெரியவே கூடாது. சரியா?”

ஏன் என்று கேட்டேன். அம்மா பாவம் என்று மட்டும் சொன்னார். தம்பி செய்த வேலை தெரிந்தால் அம்மா வருத்தப்படுவாள் என்கிறார் போலிருக்கிறது என்று நினைத்து, சரி என்றேன். அப்புறம் சம்பந்தமே இல்லாமல், தொடக்கப்பள்ளியை முடிக்கிற பிஎஸ்எல்இ தேர்வு எப்போது எழுதுவாய் என்று கேட்டார். அடுத்த வருடத்துக்கு அடுத்த வருடம் என்றேன். அவர் ஸ்டீரிங்கைத் தடவிக்கொண்டே தலையை ஆட்டினார். அதற்குள் வேறு வண்டி வாங்கிவிடலாமா என்று நான் கேட்டேன். பார்க்கலாம் என்றார்.

அன்று மதியம் தேக்காவில் சாப்பிட்டோம். அப்பா எனக்கு பிரியாணி வாங்கிக் கொடுத்தார், மாமாவை வழக்கத்தைவிட அதிகமாகக் கிண்டல் செய்தார். தப்பித்துவிட்ட நிம்மதியில் மாமாவும் சிரித்தார். வீட்டுக்கு வந்ததும், லீக் ஆகிற வண்டி, நல்ல வேளை, மச்சான் கண்டுபிடித்துவிட்டான் என்று அப்பா அம்மாவிடம் சொன்னார். அதற்குப் பிறகு அவர் விளம்பரங்களைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு முறை மருத்துவமனை போய் வரும்போதும், புண் ஆறிக்கொண்டு வருகிறதாம் என்று அம்மா சொல்வாள். அப்படியா, நல்லது என்பார் அப்பா. அடுத்த தீபாவளிக்கு அவர் இல்லை.

ஒவ்வொரு வருடமும் அப்பாவுக்குப் படைக்கும் நாளில் அம்மா தவறாமல் ஒன்று சொல்வாள்.

“எனக்கு இருக்கிற நிம்மதி இது ஒண்ணுதான். கடைசி வரைக்கும் அவருக்குத் தெரியாமலே பாத்துக்கிட்டேன். பயப்படாமப் போனாரு.”

மாமா தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். நான் ஆமாம்மா என்பேன். அம்மாவும் மாமாவும் சேர்ந்து மறைத்ததை அப்பாவிடம் போட்டு உடைத்தவள் நான். அதன் பிறகு அவர் இருந்த பத்து மாதமும் அந்தப் பயத்தை யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாமல் இருந்தார். அவருக்குத் தெரியும் என்பது எனக்கு மட்டும் தெரியும். என்ன தெரியும் என்பதுதான் அப்போது எனக்குத் தெரியவில்லை. கூரைத் தளத்தில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அவ்வளவு நேரம் நான் அழுதது அந்தப் பச்சை வண்டிக்காக.