பட்டாளத்துக்குப் போகாத லாரி

பல்லடம் ரோட்டில் என் பனியன் கம்பெனி வாசலை அடைத்துக்கொண்டு சோளத்தட்டு ஏற்றிய டிராக்டர் ஒன்று நின்றது. அந்தக் காய்ந்த வாசம் மூக்கில் ஏறியதும் எங்கள் பழைய லாரி கண்முன் வந்துவிட்டது.

நான் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது எல்லையில் சண்டை. பட்டாளத்துக்காக யார் வண்டியை வேண்டுமானாலும் சர்க்கார் எடுத்துக்கொள்ளலாம் என்று பொங்கலூரில் ஒரே பேச்சு. அப்பா எங்கள் லாரியைத் தோட்டத்தில் நிறுத்தி, சோளத்தட்டை அடுக்கி மூடிவிட்டார். பக்கத்து வீட்டுப் பெரியப்பாவின் லாரி வாசலிலேயே நின்றது. ஜீப்பில் வந்த அதிகாரிகள் அதைப் பட்டாளத்துக்கு எழுதிக்கொண்டார்கள்.

"நம்ம வண்டி தப்பிச்சுதுங்க" என்று அம்மா அன்று ராத்திரி பாயசம் வைத்தாள்.

மறுநாள் காலையில் பட்டாளத்துக்குக் கிளம்பிய பெரியப்பா லாரிக்கு ஊரே திரண்டு மாலை போட்டது. போட்டோ பிடித்தார்கள். வாத்தியார் பெரியப்பா மகனை முன் பெஞ்சில் உட்காரவைத்தார். எனக்கு வயிறு எரிந்தது. அப்பாவுக்கு அதைவிட எரிந்திருக்க வேண்டும். சில நாள் பொறுத்துப் பார்த்தவர், தட்டையெல்லாம் தள்ளிவிட்டு, என்னையும் ஏற்றிக்கொண்டு லாரியைத் தாலுகா ஆபீசுக்கே ஓட்டினார்.

"எங்க வண்டியையும் எடுத்துக்கோணுங்க சார்."

"சண்டை நேத்தே முடிஞ்சுபோச்சுங்களே" என்றார் குமாஸ்தா.

இப்போது என் கம்பெனிக்கு எதிர்க் கட்டடம் பெரியப்பா மகனுடைய கம்பெனி. மாலை போட்ட அந்த லாரியின் படம் அவன் ரிசப்ஷனில் தொங்குகிறது. பனியன் வாங்க வெளிநாட்டு பையர் யார் வந்தாலும் முதலில் அதைத்தான் காட்டுவான்.

வாட்ச்மேனைக் கூப்பிட்டுக் கத்தினேன்: "அந்த டிராக்டரை மொதல்ல இங்கிருந்து எடுக்கச் சொல்லு!"