எஸ்ஸுக்கு முன்னாலா, பின்னாலா?

எழுபதுகளின் தொடக்கத்தில் குரோம்பேட்டையைத் தாண்டி, ஜி.எஸ்.டி. ரோட்டோரம் இருந்த ஒரு மாத்திரைக் கம்பெனியில் நான் டைப்பிஸ்ட். தாம்பரத்தில் வீடு, இரண்டு ஸ்டேஷன் தள்ளி வேலை. சேர்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. ஆறு மாதம் முடிந்தால்தான் வேலை நிரந்தரம். அந்த ஐந்தாவது மாதத்தில்தான் நான் சூப்பரிண்டெண்டோடு மோதினேன். சண்டை ஒரு அபாஸ்ட்ரஃபிக்காக. எழுத்தின் தலைக்குப் பக்கத்தில் கமா மாதிரி தொங்குமே, அதேதான்.

கம்பெனியில் பேக்கிங் பிரிவில் நாற்பது பெண்கள் இருந்தார்கள். பாதிப் பேர் பள்ளிக்கரணைப் பக்கத்திலிருந்து விடியற்காலையில் கிளம்பி வருகிறவர்கள். மத்தியானம் சைக்கிள் ஷெட்டில் தரையில் உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும். மழை வந்தால் டிபன் பாக்ஸை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு நின்றபடியே சாப்பிடுவார்கள். உடம்பு முடியாத நாளில் படுக்க ஒரு மூலைகூடக் கிடையாது. அவர்களில் மூத்தவரை எல்லோரும் அக்கா என்பார்கள், நானும் அப்படித்தான். அக்கா நான்கு முறை மேனேஜர் அறை வாசலில் போய் நின்று, ஒரு ரூம் வேண்டும் என்று கேட்டவர். ஒரு முறை அதற்காக மெமோவும் வாங்கினார். கடைசியில், பழைய சாமான் அறையைக் காலி செய்து கொடுக்கிறோம் என்று நிர்வாகம் ஒப்புக்கொண்டது.

அதற்கான நோட்டீஸைச் சூப்பரிண்டெண்ட் கைப்பட எழுதி என் மேஜையில் வைத்தார். 'லேடி வொர்க்கர்ஸ் ரெஸ்ட் ரூம்' என்பது தலைப்பு. அபாஸ்ட்ரஃபியை எஸ்ஸுக்கு முன்னால் போட்டிருந்தார். காதால் கேட்டால் வித்தியாசமே தெரியாது. கண்ணால் பார்த்தால் அது ஒரே ஒரு பெண் தொழிலாளியின் ஓய்வறை. நான் அந்தப் புள்ளியை எஸ்ஸுக்குப் பின்னால் நகர்த்தி டைப் அடித்து அனுப்பினேன்.

பத்து நிமிடத்தில் அது சிவப்பு வட்டத்தோடு திரும்பி வந்தது. பின்னாலேயே அவரும் வந்தார்.

"என்னம்மா இது? எஸ்ஸுக்கு அப்புறம் ஒண்ணுமே இல்லாம அபாஸ்ட்ரஃபி அந்தரத்துல தொங்குது?"

"நிறைய பேர் சார். பன்மை எஸ் முடிஞ்சப்புறம்தான் புள்ளி வரும். முன்னால போட்டா ஒருத்தருடையதுன்னு ஆயிடும்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "நீ எந்த மீடியம்?"

"தமிழ் மீடியம் சார்."

"தமிழ் மீடியத்துல படிச்சுட்டு எனக்கு இங்கிலீஷ் சொல்லித் தர்றியா? எழுதினதை எழுதினபடி அடி."

பக்கத்து மேஜைகளில் இருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். நான் தமிழ் மீடியம்தான். அதனால்தான் இந்தப் புள்ளியை என் வழியில் புரிந்துகொண்டு வைத்திருந்தேன். தமிழில் 'தொழிலாளியுடைய' வேறு, 'தொழிலாளர்களுடைய' வேறு. 'கள்' முடிந்த பிறகுதான் 'உடைய' வந்து சேரும். இங்கிலீஷிலும் அந்த எஸ்தான் 'கள்', அந்தப் புள்ளிதான் 'உடைய'. இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் மூன்றாவது தடவை கடிதம் தப்பாகிக் கிழித்துப் போட்ட நாளில் நானே கண்டுபிடித்தது. கான்வென்ட்டில் படித்தவர்களுக்குத் தானாக வந்ததை நான் ஒவ்வொன்றாகப் பிடித்துச் சேர்த்திருந்தேன். மீடியத்தைச் சொல்லி அதை என் கையிலிருந்து பிடுங்க அவரை விடக்கூடாது என்று தோன்றியது.

புதுத்தாளைச் செருகி, திரும்பவும் புள்ளியைப் பின்னால் வைத்தே அடித்தேன். மூன்றாவது முறை அவர் தாளை என் எதிரிலேயே கிழித்தார். நான் நான்காவது தாளை எடுத்தேன். அன்று சாயங்காலம் எனக்கு மெமோ வந்தது. கீழ்ப்படியாமைக்கு எழுத்து மூலம் விளக்கம் தர வேண்டும்.

இதற்குள் அறை வாசலில் போர்டையே மாட்டிவிட்டார்கள். சூப்பரிண்டெண்ட் எழுதிக் கொடுத்ததைப் பெயிண்டர் அப்படியே எழுதியிருந்தார். மறுநாள் மத்தியானம் அக்கா சைக்கிள் ஷெட்டுக்கு என்னைக் கூப்பிட்டார்.

"இன்னா கண்ணு, ஒரு புள்ளிக்காக மெமோ வாங்கிகினியாமே? எதுக்கு இந்தப் பேஜாரு? வேல போயிடப் போவுது."

தரையில் குச்சியால் எழுதிக் காட்டினேன். "இங்க வெச்சா ஒருத்தியோட ரூம் அக்கா. இங்க வெச்சா உங்க எல்லாருடைய ரூம்."

அக்கா குனிந்து இரண்டையும் பார்த்தார். "நாப்பது பேரு கேட்டு வாங்குன ரூமு. அத ஒருத்தி ரூமுன்னா எழுதி வெச்சிகீறாரு?" என்றவர், "அப்ப நீ வுடாத" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

விளக்கக் கடிதத்தை ஒரு பக்கத்துக்கு இங்கிலீஷில் எழுதினேன். நான்கு முறை படித்துப் பார்த்து மேனேஜருக்கு அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து எங்கள் இருவரையும் மேனேஜர் அழைத்தார். சூப்பரிண்டெண்ட் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. என் கடிதத்தை மேஜைமேல் விரித்து, சிவப்பு வட்டம் போட்ட இடத்தில் விரலை வைத்தார்.

"பாருங்க சார். கம்பெனியைப் பத்தி எழுதறா, 'இட்ஸ்'னு. நடுவுல அபாஸ்ட்ரஃபி. 'அதனுடைய'ன்னு வர்ற இடத்துல அது கூடாது. இவதான் நம்மளைத் திருத்தறா."

கடிதத்தை என் பக்கம் இழுத்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. புள்ளி வைத்தால் அது 'இட் இஸ்'. 'அதனுடைய' என்பதற்குப் புள்ளியே கிடையாது. நான்கு முறை படித்தும் என் கண்ணில் படவில்லை. அந்த நிமிடம் அழுதிருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும்.

"அது தப்புதான் சார்" என்றேன். மேஜையிலிருந்த பேனாவை எடுத்து அந்தப் புள்ளியை அடித்துவிட்டுப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். "என் தப்பை நான் திருத்திட்டேன். சார் அவர் தப்பைத் திருத்தட்டும்."

மேனேஜர் இரண்டு தாள்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். அவருக்கு விஷயம் தெரியும் என்று முகத்திலேயே தெரிந்தது. ஆனால் பதினைந்து வருஷமாகக் கூட இருக்கிறவரை ஒரு டைப்பிஸ்ட் எதிரில் விட்டுக்கொடுக்க அவருக்கு மனமில்லை.

"சரிம்மா. நோட்டீஸ் நீ அடிச்சபடியே போகட்டும். ஆனா எதிர்த்துப் பேசினதுக்கு சார்கிட்ட மன்னிப்புக் கேட்டு ரெண்டு வரி எழுதிக் கொடுத்துடு. இதோட விட்டுடலாம்."

"தப்பா எழுதினதை ஒத்துக்கிட்டேன் சார். சரியா அடிச்சதுக்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன்."

மேனேஜர் பெருமூச்சு விட்டு என்னைப் போகச் சொன்னார். நோட்டீஸில் கையெழுத்துப் போட்டார். அதே நாளில் என் தகுதிகாண் காலத்தை இன்னும் ஆறு மாதம் நீட்டியும் கையெழுத்துப் போட்டார். அந்த உத்தரவையும் டைப் அடித்தது நான்தான்.

போர்டை மட்டும் யாரும் தொடவில்லை. பெயிண்டர் வரும்போது பார்க்கலாம் என்றார்கள். ஒரு வாரம் போனது. சனிக்கிழமை மத்தியானம் பேக்கிங் பெண்கள் ஏழெட்டுப் பேர் அக்கா தலைமையில் என் மேஜைக்கே வந்தார்கள். அட்டைப்பெட்டிகளில் குறி போடும் கறுப்பு மையும் பிரஷும் அக்கா கையில் இருந்தன. வெள்ளைப் பெயிண்ட்டை மெயின்டெனன்ஸில் கேட்டு வாங்கியிருந்தார்கள்.

"எங்க வெக்கணும்னு காட்டு கண்ணு. நாங்களே வெச்சிக்கறோம்."

ஸ்டூலின்மேல் நான் ஏறினேன். இரண்டு பேர் அதைப் பிடித்துக்கொண்டார்கள். பழைய புள்ளியை வெள்ளையால் மறைத்து, எஸ்ஸுக்குப் பின்னால் புதிதாக ஒன்று வைத்தேன். பிரஷில் மை அதிகம் இருந்ததில் அது கொஞ்சம் பெரிதாகவே விழுந்துவிட்டது. "இருக்கட்டும், தூரத்துலேந்தும் தெரியும்ல" என்றார் அக்கா. அதுவரை வாசலில் நின்றவர்கள் டிபன் பாக்ஸ்களோடு உள்ளே போனார்கள்.

திங்கட்கிழமை காலை சூப்பரிண்டெண்ட் போர்டுக்குக் கீழே நின்று அதைப் பார்த்ததை ஜன்னல் வழியே கவனித்தேன். இன்னொரு மெமோவுக்குத் தயாராக இருந்தேன். வரவில்லை. அதற்குப் பிறகு அந்தக் கம்பெனியில் ஆறு வருஷம் இருந்தேன். அத்தனை வருஷத்திலும் அவர் எழுதிக் கொடுத்த எந்த டிராஃப்டிலும் ஒரு அபாஸ்ட்ரஃபியை நான் பார்க்கவில்லை. 'ரிப்போர்ட் ஆஃப் தி மேனேஜர்', 'லீவ் ஆஃப் தி வொர்க்கர்ஸ்' என்று எல்லாவற்றுக்கும் புள்ளியே வேண்டாத 'ஆஃப்' போட்டுத் தப்பித்துக்கொண்டார். இலக்கணப்படி அது சரிதான். எழுதியதை எழுதியபடியே அடித்துக் கொடுத்தேன்.