லாரியைச் சுற்றி ஓடிய ஊசி

சின்னமனூரில் என் அத்தை வீட்டுக்கு மேலே விமானம் போகும்போதெல்லாம் நாங்கள் முற்றத்துக்கு ஓடுவோம். அத்தை மகனும் எங்களோடு ஓடி வருவான். அவனுக்கு ஐந்து வயது. பிறவியிலேயே பார்வை கிடையாது. சத்தம் வரும் பக்கம் முகத்தைத் தூக்கி, "அது எப்பிடி இருக்கும்?" என்று கேட்பான். மீன் மாதிரி என்பாள் என் அக்கா. குருவி மாதிரி என்பேன் நான். இந்த இரண்டுக்கும் நடுவில் அவன் எதைப் பிடித்துக்கொள்வான், பாவம்.

அவன் அப்பா, என் மாமா, வாழைத்தார் லாரி ஓட்டுகிறவர். அந்த லாரியில்கூட அவனுக்குத் தெரிந்தது டயர் மட்டும்தான். முழு லாரியையும் தெரிந்துகொள்ள அவனுக்குக் கை போதவில்லை. இந்தக் குறை அத்தையை அரித்துக்கொண்டே இருந்தது.

ஒருமுறை மாமா திருப்பூரிலிருந்து ஒரு துணி கொண்டுவந்தார். போர்வை அகலம். அதில் விமானம், கப்பல், ரயில், லாரி என்று பெரிது பெரிதாகப் படங்கள் அச்சாகியிருந்தன. அத்தை அதை விரித்துப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டாள். அன்று வீட்டில் சோறு குழைந்துபோனது.

அத்தை தெருவுக்கெல்லாம் ஜாக்கெட் தைப்பவள். படத்துணிக்கு அடியில் போடி இலவம்பஞ்சைப் பரப்பி, அதற்கும் அடியில் ஒரு வெள்ளைத் துணியை விரித்து, மூன்றையும் சேர்த்துக் கையால் நூலோட்டினாள். பஞ்சு பறந்து எங்கள் தலையெல்லாம் வெளுத்துப்போனது. உள்ளே வந்த மாமா, "ஏ கெழவிகளா, எம் பொண்டாட்டி எங்கன?" என்றார்.

பிறகு தையல் மிஷினில் துணியை இழுக்கும் பல்லுக்கு மேல் ஓர் அட்டையை ஒட்டினாள். பல் இழுக்காவிட்டால் துணியைக் கையால் எந்தப் பக்கமும் திருப்பலாமாம். லாரியின் மூக்கில் இறங்கிய ஊசி, கண்ணாடியைச் சுற்றி, டயர்களின் வளைவில் ஏறி இறங்கி, கோட்டைவிட்டு இம்மியும் விலகாமல் ஓடியது. தையல் விழ விழப் படம் புசுபுசுவென்று மேலே எழும்பியது. முடித்ததும் அத்தை துணியைப் புரட்டிக் காட்டினாள். வெறும் வெள்ளைத் துணியில், வெறும் நூலில், ஒரு லாரி நின்றது! எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

எல்லாப் படங்களையும் தைத்த பிறகு, மகனைக் கூப்பிட்டு உட்காரவைத்தாள். அவன் போர்வையை மெதுவாகத் தடவிக்கொண்டே வந்து, ஒரு வட்டத்தில் நின்றான்.

"இது டயரு... ஆத்தா, இது லாரிதேன?" என்று கத்தினான். "அப்பா எங்கன உக்காந்திருப்பாக?"

அத்தை அவன் விரலைப் பிடித்துக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்தாள். மாமா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

எனக்கோ வேறு சந்தேகம். "நூலு மட்டும் போதும்ல அத்தை? இவனுக்குத்தேன் கலரு தெரியாதுல, வெறுந்துணியில தைச்சிருக்கலாமே?"

"இவன் வெரலு எங்கன இருக்குன்னு பாத்து, என்ன ஏதுன்னு நீ சொல்லணும்ல ஆத்தா" என்றாள்.

அன்றைக்கே தொடங்கிவிட்டோம். அவன் விரல் வைக்க வைக்க, விமானத்தின் வால், கப்பலின் புகைக்கூண்டு என்று நான் சொல்லிக்கொண்டே போனேன். அடுத்தமுறை விமானச் சத்தம் கேட்டபோது அக்கா மட்டும் முற்றத்துக்கு ஓடினாள். நாங்கள் இருவரும் போர்வைக்கு ஓடினோம்.

அத்தை எனக்கு ஏதோ வேலை கொடுத்திருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். என்னையும் அவனோடு சேர்த்துத்தான் தைத்திருக்கிறாள் என்பது புரிய எனக்கு அப்போது வயது போதவில்லை.