அட்டுவம்பட்டி அருவி இன்று நின்றது

அட்டுவம்பட்டி மலையில் என் வீட்டு ஹாலில் ஓர் அருவியை நிறுவியிருந்தேன். கண்ணாடித் தொட்டிதான். ஆனால் அதன் மோட்டார் வேகத்துக்கு உள்ளே ஒரு யானையை இறக்கியிருந்தால், பழனி அடிவாரத்தில்தான் கரையேறியிருக்கும்.

எல்லாம் ஐந்து கல்லொட்டி மீன்களுக்காக. பாறையைப் பற்றிக்கொண்டு ஓடும் தண்ணீரிலேயே வாழும் நம்ம ஓடை மீன்கள். தண்ணீர் நின்றால் அவற்றுக்கு மூச்சும் நின்றுவிடும்.

காலையில் ஒரு சோலியாக மலையிறங்கிப் பழனிக்குப் போனேன். சாவியைப் பக்கத்து வீட்டு ஸ்டெல்லா டீச்சரிடம் கொடுத்திருந்தேன். சாயங்காலம் திரும்பினால் வீட்டில் சத்தமே இல்லை. ஐந்தும் மிதந்தன.

டீச்சர் வந்தார். "அண்ணே, நீங்க போனதுலருந்து தண்ணி ஊத்துற சத்தம். டேங்க் வழியுதோன்னு தொறந்து பாத்தா, இந்த மோட்டாரு. வாரத்துக்கு ஒருக்கா வர்ற தண்ணி, வீணாப் போகலாமா? அமத்திட்டேன்."

"உள்ள மீன் கெடந்துச்சே டீச்சர்."

"பாத்தேன்ணே. பாவம், அலமோதிக்கிட்டு இருந்துச்சுக. அமத்துனப்புறம்தான் நிம்மதியாக் கெடந்துச்சுக."

எப்படித் திட்டுவது? இந்த ஊரில் தண்ணீர்ச் சத்தம் கேட்டால் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

தொட்டித் தண்ணீரையும் டீச்சரே வாளியில் பிடித்து ரோஜாவுக்கு ஊற்றிவிட்டார்.

மோட்டார் யாருக்காவது வேண்டுமா? சத்தம் கொஞ்சம் அதிகம். அக்கம்பக்கத்தில் நல்லவர்கள் இருந்தால் வாங்க வேண்டாம்.